பிரிட்டனில் எந்த மவுண்டன் பைக் பாதைகளுக்குப் போகலாம், வேல்ஸா ஸ்காட்லாந்தா?

ஒரு வாரம்தான் கையில் இருக்கிறது என்றால் ஸ்காட்லாந்துதான். 2003 நிலச் சீர்திருத்தச் சட்டத்தால், பொறுப்போடு ஓட்டினால் அங்கே பெரும்பாலான மலைப்பாதைகளில் சைக்கிளில் போக உரிமை உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைபாதை என்று குறித்த வழிகளில் அந்த உரிமை கிடையாது, குதிரைப்பாதை மாதிரியான வழிகளைத் தேடித்தான் போக வேண்டும், அதனால் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்தே நேரம் போய்விடும்.

முதலில் பீபிள்ஸ் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கிளென்ட்ரெஸ். எளிதான பச்சை, அடுத்து நீலம், சிவப்பு, மிகக் கடினமான கறுப்பு என்று எல்லாத் தரப் பாதையும் ஒரே காட்டில் இருப்பதால் புதியவரும் பழகியவரும் சேர்ந்தே போகலாம், எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான். ஃபோர்ட் வில்லியமின் டவுன்ஹில் பாதைக்கு (மலையிலிருந்து வேகமாக இறங்கும் பாதை) உலகக் கோப்பைப் போட்டி நடந்த பெயர் இருக்கிறது என்பதற்காக மட்டும் போகாதீர்கள். கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியில் சுலபமாக ஏறிவிடலாம், ஆனால் இறங்க நல்ல டவுன்ஹில் சைக்கிளும் தேர்ந்த கையும் வேண்டும்.

சரி, வேல்ஸ்தான் என்று முடிவானால் கோய்ட் எ பிரெனின். 1990-களிலேயே சைக்கிளுக்கென்று பாதை போட்ட காடு, கல் நிறைந்த தடம். வேல்ஸின் மிக உயரமான மலையான ஸ்னோடன் உச்சிக்கு ஓட்ட ஆசையிருந்தால், மே முதல் செப்டம்பர் வரை காலை 10 மணியிலிருந்து மாலை 5 மணிவரை சைக்கிளைத் தவிர்க்கச் சொல்லும் ஏற்பாடு இருக்கிறது; விடியற்காலையிலேயே கிளம்புங்கள்.