'நல் அண்ட் வாய்டு' (அடியோடு செல்லாது) என்று எங்கே எழுதலாம்? பத்திர எழுத்தர் பதில்கள்

காவேரிப்பட்டணம்: அண்ணா, மாந்தோப்பைக் குத்தகைக்கு விடுகிறேன். பாக்கி வராவிட்டால் ஒப்பந்தம் 'நல் அண்ட் வாய்டு' என்று எழுதலாமா?

எழுதாதீங்க. செல்லாது என்றால் உங்களுக்கும் சேர்த்துத்தான் செல்லாது. பணம் தராதவரே "அதான் ஒப்பந்தமே இல்லையே" என்று நழுவப் பார்ப்பார். 1872 ஒப்பந்தச் சட்டத்தில் செல்லாத ஒப்பந்தம் வேறு; ஒரு தரப்பு விரும்பினால் விலக்கிக்கொள்ளக்கூடிய ஒப்பந்தம் வேறு. உங்களுக்கு வேண்டியது ரத்து செய்யும் உரிமை. இப்படி எழுதுங்கள்: 'ஏப்ரல் 15க்குள் பாக்கித் தொகை தராவிட்டால், எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்துக் குத்தகையை ரத்து செய்ய உரிமையாளருக்கு உரிமை உண்டு.' முன்பணம் என்னாகும், மரத்தில் நிற்கிற காய் யாருக்கு, இரண்டையும் எழுதிவிடுங்கள். தோதாபுரி மாங்காய்க்கு விலை ஏறினால் சண்டை அங்கேதான் வரும்.

பாலக்கோடு: 'நல் அண்ட் அவாய்டு' என்று டைப் அடித்துவிட்டார்கள். பத்திரம் போச்சா?

போகாது, கருத்து புரிகிறதே. கையெழுத்தாகும் முன் அடித்துத் திருத்தி, பக்கத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் (இனிஷியல்) வையுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஊத்தங்கரை: வங்கி கேட்கிற செக்கில் எழுதலாமா?

குறுக்கே இரண்டு கோடு, நடுவில் 'கேன்சல்டு'. கையெழுத்து வேண்டாம். வெற்றுத் தாளுக்குச் சொன்னதுதான்.

பென்னாகரம்: மாமா விற்ற நிலம். 'அந்தக் கிரயம் நல் அண்ட் வாய்டு' என்று அவர் மட்டும் ரத்துப் பத்திரம் போட்டால்?

முடியாது. வாங்கியவரும் சேர்ந்து வர வேண்டும், இல்லை நீதிமன்றம் போக வேண்டும். பத்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்ய வழி சொல்வது 1963 குறித்தவகைத் தீர்வுச் சட்டம், பிரிவு 31.

ஓசூர்: எங்கள் பக்கம் ஒருவர் பதிந்தே விட்டாரே சார்!

பதிவானது வேறு, செல்லுவது வேறு. விற்றவர் தனியாகக் கிரயத்தை ரத்து செய்ய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2011லேயே சொல்லிவிட்டது.

பென்னாகரம்: ஆனால் பாதிப் பணம் இன்னும் வரவில்லையே?

பாக்கிக்கு வழக்குப் போடுங்கள், சும்மா இருந்து காலக்கெடுவை விட்டுவிடாதீர்கள். அதற்காகக் கிரயம் தானாகக் கலையாது.

அரூர்: உயிலை?

சுயநினைவு உள்ளவரை மாற்றலாம். புது உயிலில் 'முந்தைய உயில்கள் அனைத்தும் ரத்து' போதும்.

தருமபுரி: அண்ணா, என் சித்தப்பா ஒரு நிலம் விற்று...

பென்னாகரத்துக்குச் சொன்னதைப் படியுங்க.