பாட்டியின் நோட்டில் இருக்கும் சிக்குக் கோலங்களை டி-ஷர்ட், பை, டம்ளரில் ஒட்டினால் நிலைத்து நிற்குமா? வீட்டு இஸ்திரிப் பெட்டி போதுமா?

நிற்கும். ஆனால் எதன் மேல் ஒட்டப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற முறையைப் பிறகு தேடுங்கள். நிறையப் பேர் டிசைனை ஒட்டும் பிலிமில் அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எதில் ஒட்டலாம் என்று யோசிக்கவே ஆரம்பிக்கிறார்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், டிசைனைத் துணியில் சூட்டால் அழுத்தி ஒட்டும் ஃப்யூசிங் செக்‌ஷனில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். இப்போது வீட்டு மாடியில் சொந்தமாக அப்படிச் சூட்டில் அழுத்தும் மெஷின் ஒன்று போட்டுச் சின்னச் சின்ன ஆர்டர்கள் செய்கிறேன். கோல நோட்டு என்று படித்ததும் இதை விரிவாகவே எழுத வேண்டும் என்று தோன்றியது. மெல்லிய கோடும் தனித்தனிப் புள்ளியும்தான் இந்த வேலையிலேயே கஷ்டமானவை. சிக்குக் கோலத்தில் அவை இரண்டைத் தவிர வேறெதுவும் கிடையாது.

கறுப்புக் காட்டன் டி-ஷர்ட்டில் வெள்ளைக் கோலம் என்றால் டி.டி.எஃப். (டைரக்ட் டு பிலிம்) முறைக்குப் போங்கள். பிளாஸ்டிக் பிலிமில் டிசைனை இடவலம் மாற்றி அச்சடிப்பார்கள். முதலில் கலர், அதன் மேல் வெள்ளை மை. மை ஈரமாக இருக்கும்போதே பொடித்த சர்க்கரை மாதிரி ஒரு பசைப் பவுடரைத் தூவி, பிலிமை உதறுவார்கள். மை உள்ள இடத்தில் மட்டும் பவுடர் தங்கும். அதைச் சூட்டில் உருக்கி ஆறவிட்டால் பிலிம் தயார். பிறகு துணி மேல் வைத்து அழுத்தும்போது அந்தப் பசை மறுபடி உருகி நூலுக்குள் இறங்குகிறது. துணியைப் பிடித்துக்கொண்டிருப்பது மை அல்ல, அந்தப் பவுடர்தான். அகலமான பூ டிசைனின் அடியில் ஏராளமான பவுடர் இருக்கும். மயிரிழைக் கோட்டின் அடியில் நாலு மணிதான் இருக்கும். துவைக்கும்போது முதலில் போவது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் கோட்டின் தடிமனை அச்சடிப்பதற்கு முன்பே சரி செய்துவிடுங்கள். நான் 0.7 மி.மீ.க்குக் கீழே கோடு விடுவதில்லை. புள்ளி என்றால் குறைந்தது 1 மி.மீ. குறுக்களவு வேண்டும், அதற்கு மேல் இருந்தால் இன்னும் நிம்மதி. நோட்டுப் பக்கத்தை போனில் படமெடுத்து அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள். தாளின் மஞ்சள் நிறம், பென்சில் அழித்த தடம், மடிப்பின் நிழல் எல்லாம் சேர்ந்து வரும். கண்ணுக்குத் தெரியாத மங்கலான நிழலுக்குக்கூட அச்சு மெஷின் அடியில் வெள்ளை வைத்துவிடும். சட்டையில் பார்த்தால் கோலத்தைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி இருக்கும். படத்தை இன்க்ஸ்கேப் என்ற வரையும் சாஃப்ட்வேரில் போட்டு, அதன் மேல் கோட்டை நீங்களே புதிதாக வரையுங்கள். கோடு எங்கே எதன் மேல் ஏறி எங்கே இறங்குகிறது என்று பாட்டியின் கையைப் பின்தொடர்ந்து போனால், ஒரு கோலத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். முடித்ததும் பின்னணி இல்லாத கோப்பாக, சட்டையில் வரவேண்டிய அதே அளவில், 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 அச்சுப் புள்ளி) தெளிவில் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சு மெஷின் வாங்க வேண்டியதில்லை. 60 செ.மீ. அகல ரோலில் மீட்டர் கணக்கில் அச்சடித்துத் தருகிறார்கள். ஒரு மீட்டரில் பெரிய கோலங்களுக்கு இடையே சின்னதையும் நெருக்கி அடுக்கிவிடலாம்.

இனி அழுத்துவது. செக்‌ஷனில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அக்கா, நான் பிலிமை எடுத்து வைக்கப் போகும்போதெல்லாம் கேட்பார்: "ஏங்கண்ணு, ஈரத்தை எடுத்தியா?" பார்த்தால் சட்டை காய்ந்துதான் இருக்கும். ஆனால் பருத்தி சும்மா மடித்து வைத்திருந்தாலே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தன் எடையில் கிட்டத்தட்ட 8 சதவீதம் ஈரம் அதற்குள் எப்போதும் இருக்கும். வெறும் சட்டையை அழுத்தும் மெஷினில் வைத்து 5 நொடி அழுத்தித் திறந்தால், ஐப்பசி மாதத்தில் மெல்லிய ஆவி எழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த ஈரத்தோடு பிலிமை வைத்தால் ஆவி பசைக்கும் துணிக்கும் நடுவில் புகுந்துகொள்ளும். கோலம் ஒட்டின மாதிரியே இருக்கும், இரண்டாவது துவையலில் ஓரம் தூக்கும்.

ஈரம் போனபின் பிலிமை வைத்துக் காட்டனுக்கு 150 முதல் 160 டிகிரி, 12 முதல் 15 நொடி. (பவுடருக்குப் பவுடர் கொஞ்சம் மாறும். பிலிம் தந்தவரிடம் சூடு, நேரம், சூட்டோடு உரிப்பதா ஆறியபின் உரிப்பதா என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.) ஆறியபின் உரிக்கும் பிலிம் என்றால் புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு சுத்தமாகப் போனபின்தான் தொட வேண்டும். மூலையைப் பிடித்து மேலே தூக்காமல், துணியோடு படிந்தாற்போல் பின்பக்கம் மடக்கி மெதுவாக இழுங்கள். கண் கோட்டின் மேலேயே இருக்கட்டும். ஒரு வளைவு துணியை விட்டுப் பிலிமோடு எழுந்து வருவது தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, பிலிமை அப்படியே பழையபடி படியவிட்டு இன்னொரு 5 நொடி அழுத்துங்கள். பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். முழுக்க உரித்துவிட்டால் அந்தக் கோட்டைத் திரும்பப் பழைய இடத்தில் பொருத்தவே முடியாது. உரித்து முடித்ததும் பட்டர் பேப்பரை மேலே போட்டு இன்னொரு முறை 10 நொடி. பிளாஸ்டிக் பளபளப்பு அடங்கித் துணியின் நெசவு கோட்டின் மேல் லேசாகத் தெரிய ஆரம்பிக்கும். இந்தக் கடைசி அழுத்தத்தைச் சோம்பலில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். மெல்லிய கோட்டுக்கு உயிரே இதில்தான் இருக்கிறது.

இஸ்திரிப் பெட்டி? உள்ளங்கை அளவுக் கோலத்துக்குச் சரி, முதுகு நிறையும் கோலத்துக்கு வேண்டாம். பெட்டியில் சூடு போதுமான அளவு உண்டு, அழுத்தம்தான் கிடையாது. அடியில் ஆவித் துளைகள் இருந்தால் அந்த இடத்தில் சூடும் படாது. முயல்வதாக இருந்தால் மெத்தை போட்ட மேசையை விட்டுவிட்டு, தரையில் பலகை போட்டு, அதன் மேல் சட்டையை விரியுங்கள். ஆவியை அணைத்துவிட்டு, பட்டர் பேப்பர் மேல் பெட்டியை வைத்து, தேய்க்காமல் உடம்பின் எடை முழுவதையும் கொடுத்து ஒவ்வோர் இடமாக அழுத்துங்கள்.

துணியைப் பற்றி ஒரு எச்சரிக்கை, நான் பட்டது. ஒரு கோயில் திருவிழாவுக்கு இளைஞர்கள் நாற்பது மெரூன் டி-ஷர்ட் கொண்டுவந்தார்கள், விளையாட்டு ஜெர்சி மாதிரி வழவழப்பான பாலியெஸ்டர். மார்பில் வெள்ளை மயில். காட்டனுக்கு வைக்கும் அதே சூட்டில் அழுத்திக் கொடுத்தேன். வாங்கும்போது மயில் பால் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் போன் வந்தது: மயில் ரோஸ் கலராகிவிட்டது! பாலியெஸ்டருக்குப் போடும் சாயம் சூட்டில் ஆவியாகி நகரும் வகை. துணியிலிருந்து கிளம்பி வெள்ளை மைக்குள் ஏறிவிடும், ஏறி முடிக்கச் சில நாளும் ஆகலாம். நாற்பதையும் காட்டனில் திரும்பச் செய்து திருவிழாவுக்கு முதல்நாள் ராத்திரி கொடுத்தேன். இப்போது அடர்நிறப் பாலியெஸ்டர் வந்தால், குறைந்த சூட்டில் உருகும் பவுடர் போட்ட பிலிம் வாங்கி, 130 டிகிரிக்கு மேல் போகாமல் ஒரே ஒரு சட்டையில் அடித்து, ஒரு வாரம் மாட்டிவைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்கிறேன். உங்களுக்கு என் யோசனை காட்டன்தான். அதிலும் திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டையில் கிடைக்கும் சில சட்டைகள், மென்மைக்காகக் கொடுக்கும் சிலிக்கான் ஃபினிஷில் வெண்ணெய் மாதிரி வழுக்கும். பசை பிடிக்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உறிஞ்சாமல் முத்தாக நின்றால் அந்த லாட் வேண்டாம்.

வெள்ளைப் பாலியெஸ்டராக இருந்தால் சப்ளிமேஷன் என்று வேறொரு முறை உண்டு. மேலே சொன்ன அதே சாய குணத்தை நமக்குச் சாதகமாக்கிக்கொள்வது. 190, 200 டிகிரியில் சாயம் ஆவியாகி நூலுக்குள்ளேயே போய்விடுவதால் தடவினால் கைக்கு எதுவுமே தட்டுப்படாது, உரியவும் உரியாது. ஆனால் அதில் வெள்ளை மை கிடையாது. கறுப்பில் வெள்ளைக் கோலம் அதில் நடக்காது, வெள்ளையில் காவிக் கோலம் அழகாக வரும்.

பைக்கு வருகிறேன். மஞ்சப்பை மாதிரி கெட்டிப் பருத்தித் துணி இந்த வேலைக்கு நல்ல தோழன், நூல் தடிமன் என்பதால் பசை ஆழமாக இறங்கும். பிரச்சினை தையலில்தான். ஓரத் தையலும் கைப்பிடியும் மேடாக இருப்பதால் மெஷினின் தட்டு அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு, நடுவில் இருக்கும் கோலத்தை அழுத்தாமலே விட்டுவிடும். பைக்குள் தையலுக்கு உள்ளடங்கும் அளவில் ஒரு சிலிக்கான் பேட் அல்லது நாலாக மடித்த கம்பளித் துணியை வைத்துக் கோலத்தின் இடத்தை மட்டும் உயர்த்துங்கள். பட்டன், ஜிப் உள்ள சட்டைக்கும் இதே வழிதான்.

எவர்சில்வர் டம்ளரில் இந்த பிலிம் பிடிக்காது. சப்ளிமேஷனும் அதற்கென்று பூச்சு கொடுத்த மக்கிலும் டம்ளரிலும்தான் ஏறும், சமையலறைப் பாத்திரத்தில் ஏறாது. அதற்கு யு.வி. டி.டி.எஃப். என்று, புற ஊதா ஒளியில் உலரும் மையால் அச்சடித்த ஸ்டிக்கர் வாங்குங்கள். சூடே வேண்டாம், டம்ளரைச் சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் ஸ்பிரிட்டில் துடைத்து, விரலால் தேய்த்து ஒட்டினால் போதும். வெளிப்பக்கம் மட்டும், வாய் வைக்கும் விளிம்புக்குக் கீழே ஒட்டுங்கள். கம்பி நார் போட்டுத் தேய்க்கிற வீடாக இருந்தால் ஒட்டவே வேண்டாம்.

துவைப்பதற்கு: ஒட்டிய பிறகு ஒரு நாள் சும்மா விடுங்கள். சட்டையை உட்புறம் வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவையுங்கள், கோலத்தின் மேல் பிரஷ் வேண்டாம். இஸ்திரியும் திருப்பிப் போட்டே.

நோட்டில் முதலில் எதை எடுப்பது என்று கேட்டால், இருபத்தொரு புள்ளிக் கோலத்தை விட்டுவிட்டு ஏழு புள்ளியில் ஒன்றை எடுங்கள். அதை ஒரு பழைய பனியனில் அடித்து, ஐந்து துவையல் போட்டுவிட்டுப் பாருங்கள். என் அம்மா சந்தைக்கு எடுத்துப்போகும் பையில் நான் முதன்முதலில் ஒட்டிய கோலம் இரண்டு வருடமாக இருக்கிறது. கோடு ஒன்றுகூட விடவில்லை, புள்ளிகளில் மட்டும் மூன்று போய்விட்டன. அந்தக் கோலத்தின் புள்ளிகளை நான் 0.6 மி.மீ.யில் வைத்திருந்தேன்.