ஆயா வீட்டுக்கு வந்துட்டாங்க

அண்ணா வணக்கம்,

போன மாசம் வேற யாருக்கோ எழுதின பதில்ல போற போக்குல "நான் கிங் டைமண்ட் கேட்டு வளந்தவன்"னு ஒரே ஒரு வரி போட்டுட்டு போயிட்டீங்க, அதான் அந்த டென்மார்க் மெட்டல் பாடகர். அத படிச்சதுலருந்து கை அரிக்குது. பெரம்பூர்ல எனக்கு மெட்டல், அதான் இந்த முரட்டு கிட்டார் ராக், பத்தி பேச ஒரு ஆள் கிடையாது. ஆபீஸ்ல பக்கத்து சீட் பசங்களுக்கு அவரோட 'வெல்கம் ஹோம்' பாட்ட போட்டு காமிச்சேன், முதல் கத்தல்லயே "யார்றா இது, கால்ல சுடுதண்ணி ஊத்திட்டாங்களா"ன்னு சிரிச்சு, இப்ப நான் டீ குடிக்க போனாலே அதே மாதிரி கத்தி காமிக்கிறானுங்க. வீட்ல அம்மா, வெள்ளிக்கிழமை அதுவுமா அவர் மூஞ்சிய என் போன்ல பாத்துட்டு விபூதி எடுத்துட்டு வந்துட்டாங்க. எனக்கு பிடிச்சது 'வெல்கம் ஹோம்', 'ஸ்லீப்லெஸ் நைட்ஸ்', அப்புறம் 'ஹாலோவீன்'. உங்க லிஸ்ட் என்ன? இன்னொண்ணு, இந்த சாத்தான் சமாச்சாரம் மனசுல உறுத்துது, சாமி கும்பிடறவன் இதெல்லாம் கேக்கலாமா?

ஆர்., பெரம்பூர்

*

அன்புள்ள ஆர்.,

பசங்க சிரிச்சா சிரிச்சுட்டு போறாங்க, நானும் சிரிச்சவன்தான். 94ல சிந்தாதிரிப்பேட்டையில ஒண்டுக்குடித்தனத்துல இருந்தோம். கப்பல்ல வேலை பாத்த எங்க தெரு அண்ணன் ஒருத்தர் ஒரு தொண்ணூறு நிமிஷ கேசட்ல அவரோட ரெண்டு ஆல்பம், ஒரு பக்கம் 'அபிகெய்ல்', மறுபக்கம் 'தெம்' பதிஞ்சு குடுத்தாரு. முதல் தடவை கேட்டப்ப, பாடறது ஒரு ஆளா நாலு ஆளான்னே புரியல. கீழ் ஸ்தாயியில ஒருத்தன் உறுமறான், நடுவுல ஒருத்தன் சாதாரணமா பேசறான், மேல ஒரு பொம்பளை வீல்னு கத்தறா. எல்லாமே ஒரே ஆள், டென்மார்க்ல கோபன்ஹேகன்காரரு, 1956ல பொறந்தவரு, ஸ்டுடியோவுல தன் குரல் மேலயே தன் குரல அடுக்கி அடுக்கி வெச்சிருக்காருன்னு தெரிய எனக்கு ரொம்ப நாளாச்சு.

வெயில் காலத்துல எல்லாரும் மொட்டை மாடியிலதான் படுப்போம். ஒருநாள் ராத்திரி வாக்மேன்ல 'அபிகெய்ல்'ல வர 'பிளாக் ஹார்ஸ்மென்' ஓடுது, இயர்ஃபோன் வழியா சத்தம் கசியுது போல, பக்கத்து பாயில படுத்திருந்த எங்க ஆயா எழுந்து உக்காந்துட்டு "எந்த வீட்லடா, யாருக்கோ இடுப்பு வலி எடுத்துருச்சு போலருக்கே"ன்னாங்க. நான் சிரிச்சு உருண்டேன். அப்புறம் ரொம்ப நாள் கழிச்சு வரிகள ஒழுங்கா படிச்சா, ஆயா சொன்னதுதான் கதை, அந்த பாட்டுலதான் கதைநாயகி மிரியம் பிள்ளை பெத்துட்டு செத்துப் போறா. இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாத ஆயா, இயர்ஃபோன் கசிவுலருந்தே புடிச்சுட்டாங்க.

இந்த ஆல்பங்கள் ஒவ்வொண்ணும் முழுசா ஒரு கதை, அதனால பிடிச்ச பாட்டு எதுன்னு தனியா கேட்டா எனக்கு பதில் சொல்ல கஷ்டமா இருக்கு. கூத்துல எந்த பாட்டு பிடிக்கும்னு கேட்டா என்னத்த சொல்றது, துரியோதனன் தொடைய உடைக்கிற எடம் பிடிக்கும்னுதான சொல்வோம்? இவரும் கூத்துக்காரர்தான்னு எனக்கு தோணும். மூஞ்சில வெள்ளை கறுப்பு சாயம், எலும்ப குறுக்க கட்டி செஞ்ச மைக் ஸ்டாண்ட், ஒரே ஆள் பாட்டி, பேரன், பேய் மூணையும் ஆடிட்டு போயிடுவாரு. அந்த உச்சக்குரல சங்கீதக்காரங்க கள்ளக்குரல்னு ஒதுக்கிடுவாங்க, ஆனா கூத்துல ஸ்திரீபார்ட் கட்டற ஆம்பளை பாடறத கேட்ட காதுக்கு இது ஒண்ணும் அந்நியமே கிடையாது.

சரி, எடம் எடமா சொல்றேன். 1987ல வந்த 'அபிகெய்ல்' ஆரம்பிக்கறதே சவப்பெட்டியோடதான். செத்துப் பொறந்த குழந்தை, 1777 ஜூலை 7, அது மறுபடி எழுந்து வரக்கூடாதுன்னு ஏழு வெள்ளி ஆணி அடிக்கிறாங்க, புஜத்துல ரெண்டு, கையில ரெண்டு, முட்டியில ரெண்டு, கடைசி ஆணி வாயில. புளியமரத்துல ஆணி அடிச்சு பேய கட்டின கதை கேட்டு வளந்த ஊர்ல இதுக்கு விளக்கவுரை வேணுமா? எனக்கு அந்த எடம் கேட்ட உடனே சொந்த ஊரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் 1845, புதுசா ஜோடி சேந்த ஜோனத்தனும் மிரியமும் பரம்பரை பங்களாவுக்கு குதிரை வண்டியில வராங்க, வழியில ஏழு குதிரைக்காரங்க மறிச்சு, உள்ள போகாதேன்னு சொல்றாங்க, அவன் கேக்கல (எந்த கதையில எவன் கேட்டிருக்கான்). இதுல எனக்கு உயிர் 'அ மேன்ஷன் இன் டார்க்னஸ்', அப்புறம் 'தி ஃபேமிலி கோஸ்ட்'. ரெண்டுலயும் டிரம்ஸ மட்டும் ஒரு தடவை தனியா கவனிங்க. மிக்கி டீ, பின்னாடி மோட்டர்ஹெட்ங்கற ராக் பேண்டுக்கு போனவரு. கிட்டார்ல ஆண்டி லராக், அந்த ஆள் அன்னிலருந்து இன்னிவரைக்கும் கூடவே இருக்காரு.

உங்க 'வெல்கம் ஹோம்'க்கு வரேன். அது 1988ல வந்த 'தெம்'ல வரது. பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலருந்து பாட்டி வீட்டுக்கு திரும்பி வராங்க, பேரன் வாசல்ல நின்னு கூப்பிடறான், அதுதான் அந்த முதல் கத்தல். உங்க ஆபீஸ் பசங்க சிரிக்கிற எடம் ஒரு பேரன் பாசத்துல ஆயாவ கூப்பிடற எடம்னு அவங்களுக்கு சொன்னீங்களா? அதுக்கப்புறம் நடக்கறதுல ரத்தக்காட்டேரி, சுடுகாடு எதுவும் இல்ல, டீதான். ராத்திரியில மாடி ரூம்ல பேச்சுக்குரல், ஆளே இல்லாம அந்தரத்துல நகர்ற டீ கப்பு, அம்மா கையிலருந்து எடுத்த ரத்தம் டீயில. தங்கச்சி மிஸ்ஸி அந்த டீ பாத்திரத்த உடைச்சிடறா, அதுக்காகவே செத்துப்போறா. நான் இந்த ஆல்பத்த கேட்ட வாரம் எங்க ஆயா டம்ளர நீட்டினா ஒரு செகண்ட் உள்ள எட்டிப் பாத்துட்டுதான் குடிச்சேன், சிரிக்காதீங்க.

'ஸ்லீப்லெஸ் நைட்ஸ்' நல்ல பாட்டு, ஆனா அது இருக்கிற 'கான்ஸ்பிரசி' ஆல்பத்துல அதுக்கு முன்னாடி வர 'அட் தி க்ரேவ்ஸ்' கேட்டுட்டுதான் அதுக்கு வரணும், மிஸ்ஸி கதை அங்கதான் தொடருது. 'ஹாலோவீன்' பத்தி எனக்கு பெருசா ஒண்ணும் இல்ல, மேடையில கூட்டம் சேந்து கத்த நல்லாருக்கும். அது இருக்கிற அவரோட முதல் ஆல்பத்துலயே ஆர்கனோட ஆரம்பிக்கிற 'தி கேண்டில்' பத்து மடங்கு மேல்னு நான் சண்டை போடுவேன். தொண்ணூறுகளுக்கு அப்புறம் வந்ததுல 'தி பப்பெட் மாஸ்டர்' தவிர எதையும் நான் திரும்ப திரும்ப போட்டதில்ல.

சாத்தான் விஷயம். அவர் முன்னாடி இருந்த மெர்சிஃபுல் ஃபேட் பேண்டோட பாட்டுங்கள்ல அது நிறையவே உண்டு, 85ல அமெரிக்காவுல அம்மாமாரு சங்கம் மாதிரி ஒண்ணு கண்டிச்சு போட்ட பதினஞ்சு பாட்டு லிஸ்ட்ல அவங்க பாட்டும் ஒண்ணு. சாத்தான் சர்ச் ஆரம்பிச்ச ஆன்டன் லாவே சொன்ன சாத்தானியம்தான் தன் வழின்னு கிங் டைமண்டும் ஒளிச்சதில்ல. அது அவர் பாடு. தனியா வந்தப்புறம் அவர் சொன்னது பெரும்பாலும் பேய்க்கதை, பேய்க்கதை கேக்க நம்ம வீட்ல எந்த சாமியும் தடுத்ததில்ல. 2010ல அவருக்கு மூணு அடைப்புக்கு பைபாஸ் ஆச்சு, சிகரெட்ட விட்டாரு, திரும்பி மேடைக்கு வந்து அதே உச்சத்துல பாடினாரு. அந்த வீடியோவ பாத்தப்ப நான் மனசுக்குள்ள வடபழனி முருகனுக்குத்தான் நன்றி சொன்னேன், எனக்கு ஒண்ணும் ஆகல.

ஒரு சின்ன விஷயம், யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்த கேசட்ட வாக்மேன் ஒருநாள் மென்னுடுச்சு, சரியா 'பிளாக் ஹார்ஸ்மென்' ஆரம்பத்துல அந்த அமைதியான கிட்டார் வர எடம். கசங்கின டேப்ப வெளிய இழுத்து, தொடையில வெச்சு நீவி, நடராஜ் பென்சில விட்டு சுத்தி உள்ள தள்ளினேன். அதுக்கப்புறம் அந்த எடம் வந்தா கிட்டார் தண்ணிக்குள்ள முங்கி எழுந்த மாதிரி குழையும். ரெண்டு மூணு வருஷத்துல அதுதான் பாட்டுன்னே எனக்கு ஆயிப்போச்சு, பின்னாடி சிடியில சுத்தமா கேட்டப்ப சப்புன்னு இருந்துச்சு.

இன்னிக்கு ராத்திரி 'அபிகெய்ல்' முழுசா கேளுங்க, 40 நிமிஷம்தான், ஷஃபிள் போட்டீங்கன்னா எனக்கு லெட்டர் போடாதீங்க. அம்மாகிட்ட மூஞ்சிய காட்டாம 'தெம்' கதைய மட்டும் தமிழ்ல சொல்லிப் பாருங்க. மிஸ்ஸி டீ பாத்திரத்த உடைக்கிற எடத்துல அவங்க "அப்புறம்?"னு கேட்டாங்களா இல்லையான்னு எனக்கு எழுதுங்க.