ஸ்டூலில் யார் உட்கார்ந்தார்?

கேள்வி: ஏற்காடு மலைப்பகுதியில் ஒரு சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, எப்போதும் சோர்வாக இருக்கிறாள் என்று 16 வயது மகளைக் கூட்டி வந்தார். ஹீமோகுளோபின் 8.4. இங்கே இருக்கும் ஒரே ஸ்டூலில் அம்மா உட்கார்ந்துகொண்டார். சாப்பாடு, மாதவிலக்கு, மனக்கவலை, கெட்ட பழக்கம் என்று படிவத்தில் இருப்பதையெல்லாம் கேட்டேன். எல்லாம் சரியாக இருப்பதாகவே பதில் வந்தது. எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் இந்த வயதுப் பிள்ளைகள் காதில் வாங்குவதில்லை. எப்படிப் புரிய வைப்பது?

பதில்: புரிய வைப்பது இருக்கட்டும். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார்; பெண் எங்கே இருந்தாள்? உங்கள் கடிதத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. நின்றிருப்பாள், அம்மாவின் முதுகுக்குப் பின்னால், சுவரில் இருக்கும் தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தபடி. 12 இருக்க வேண்டிய இடத்தில் 8.4 இருக்கும் பிள்ளையை நிற்க வைத்துவிட்டு, துணைக்கு வந்தவரை உட்கார வைத்து விசாரித்திருக்கிறீர்கள். 'பதில் வந்தது' என்கிறீர்களே, யார் வாயிலிருந்து வந்தது அம்மணி? காதில் வாங்காதவர் நீங்கள்தான்.

அதற்காக அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். நீங்கள் அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிடுவீர்கள். அந்தப் பெண் திரும்பிப் போவது அவர் வீட்டுக்குத்தான். ஆகவே மருந்து வாங்கி வாருங்கள் என்று பொய்க்காரணம் சொல்லி அவரை வெளியே அனுப்பாதீர்கள். 'இந்த வயதில் எல்லோரிடமும் பத்து நிமிடம் தனியாகப் பேசுவோம்' என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். தாயிடம் நீங்கள் பொய் சொல்வதைப் பார்த்த பெண் உங்களிடம் எதைச் சொல்வாள்?

தனியாக இருக்கும்போதும் 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். அவள் உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் யாராவது பாலியல் ரீதியாக நடந்துகொண்டால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி நீங்கள் புகார் கொடுக்கக் கடமைப்பட்டவர். இதை முதலிலேயே சொல்லிவிட்டு, வீடு, பள்ளிக்கூடம், தோழிகள் என்று தொடங்குங்கள். புகையிலையும் காதலும் பிறகு வரட்டும். சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா என்பதையும் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது.

'ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா' என்றால் யாரும் தலையாட்டுவார்கள். நேற்றுக் காலை என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுப் பாருங்கள். வெறும் வரக்காபி என்று வரலாம். உணவோடு குடிக்கும் காபியும் தேநீரும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுப்பவை. மாதவிலக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின்? பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை எங்கே போகிறது? மலம் கறுப்பாகப் போனதும் பயந்து, ஜன்னல் வழியாக எறியும் பிள்ளைகள் உண்டு. அது இரும்புச்சத்தால் வரும் நிறம், பயம் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு அரை நிமிடம் ஆகுமா?

அவள் ஏதாவது சொன்னால் அம்மாவிடம் போய் ஒப்பிக்காதீர்கள். அம்மாவுக்குத் தெரிய வேண்டியதை அவள் வாயாலேயே சொல்ல வையுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள். பெற்றவளை ஒதுக்கிவிட்டு ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டதாகச் சொல்லும் யாரையும் நான் நம்புவதில்லை.

மறு பரிசோதனைக்கு வரும்போது அவள் உட்கார வேண்டும். நிர்வாகம் வாங்கித் தராது என்று எழுதாதீர்கள். அடுத்த முறை சேலத்துக்கு இறங்கும்போது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்குங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வரும் பஸ்ஸில் அதற்கு இடம் இருக்கும்.