திருவனந்தபுரம்தான் போகணுமா? மனநலக் கேள்விகளும் பதில்களும்

நான் குமரி மாவட்டத்தில் மனநல சமூகப் பணியாளர். டாக்டர் இல்லை. அதனால் 'மாத்திரையைப் பாதியாக்கலாமா' என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான்: எழுதித் தந்த டாக்டரிடம் கேளுங்கள். மற்றதைப் பார்ப்போம்.

பேச்சிப்பாறை, ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி: அக்கா, தம்பி தனியாகப் பேசுகிறான், ராத்திரி உறங்குவதே இல்லை. இங்கே காட்டினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறாள். திருவனந்தபுரம் கொண்டு போகட்டுமா?

அண்ணா, அம்மாவின் பயம் இந்தப் பக்கத்தில் பழையது. 1956 வரை நாம் திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட ராஜ்யத்தில்தான் இருந்தோம். அங்கே மனநல ஆஸ்பத்திரி இருக்கும் இடம் ஊளம்பாறை. சண்டை வந்தால் 'உன்னை ஊளம்பாறையில சேர்க்கணும்' என்று ஏசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூச்சத்துக்குப் பயந்து எல்லை தாண்டுகிற வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது இதுதான்: முதல் தடவை கார் பிடித்துப் போவார்கள், அடுத்த மாதம் பஸ். அதற்கடுத்த மாதம் மழை விட்டு பால்வெட்டு தொடங்கியிருக்கும், ஒரு நாள் கூலியை விட மனசு வராது. ஆளும் கொஞ்சம் தெளிந்திருப்பார். மாத்திரை நின்றுபோகும். பிறகு நோய் திரும்பும்போது 'அந்த மருந்து பிடிக்கலை' என்பார்கள்.

மாதாமாதம் போய்வர முடிகிற இடம் எதுவோ, அதுதான் நல்ல ஆஸ்பத்திரி. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தில் டாக்டர் வெளியூர் முகாம்களுக்கும் வருவார். எந்த நாள், எந்த ஊர் என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸிடம் கேட்டு வையுங்கள். தெரிந்தவர் கண்ணில் பட்டால்? ஆசாரிப்பள்ளத்துக்கு சுகருக்கும் கண்ணுக்கும் எத்தனையோ பேர் வருகிறார்கள். நோயாளியின் விவரத்தை ஆஸ்பத்திரி வெளியே சொல்லக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது.

அதே அண்ணன்: மாத்திரை தந்தால் துப்பிவிடுகிறானே?

சில நோய்களுக்கு சில வாரங்களுக்கு ஒரு முறை போடும் ஊசி உண்டு. டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

தக்கலை, ஒரு சகோதரி: குடியை நிறுத்த சோற்றில் கலக்கும் பொடி கிடைக்கிறதாம். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கொடுக்கலாமா?

கூடவே கூடாது, அக்கா. அப்படிக் கலக்கும் மருந்துகளில் டைசல்ஃபிராம் இருக்கலாம். அது உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரியும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், உயிரே போகலாம். டாக்டர் அதை எழுதுவது, குடிப்பவருக்கே தெரிந்து, அவர் சம்மதித்த பிறகுதான். இன்னொன்று: தினமும் நிறையக் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்த வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்து நிறுத்துவதே பத்திரம்.

தூத்தூர், ஒரு மருமகள்: ஒக்கி புயலில் மாமா கடலோடு போனார். 2017இலிருந்து அத்தை அவருக்கும் சேர்த்துச் சோறு எடுத்து வைக்கிறார்கள். இது நோயா?

இல்லை, மக்களே. உடலைப் பார்க்காத சாவு மனசில் எளிதில் முடியாது. 'செத்துப்போனாரு, ஒத்துக்கோ' என்று யாரும் அடிக்கடி சொல்ல வேண்டாம். அத்தை சாப்பிடுகிறாரா, உறங்குகிறாரா, அன்பியக் கூட்டத்துக்கோ (பங்கின் அக்கம்பக்க ஜெபக் குழு) கோயிலுக்கோ போகிறாரா என்று பாருங்கள். போகிறார் என்றால் அந்தத் தட்டு அப்படியே இருக்கட்டும். படுக்கையை விட்டு எழாமல், 'நானும் போயிடுறேன்' என்று பேசத் தொடங்கினால் தாமதிக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

கொல்லங்கோடு, ஒரு தம்பி: ஜெபத்துக்கு விட்ட இடத்தில் அண்ணனைச் சங்கிலியில் கட்டுகிறார்கள்.

உடனே அழைத்து வாருங்கள். ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். இப்போதைய சட்டத்தில் யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது. ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மருந்தோடு சேர்ந்து நடக்கட்டும்.

பெயர் வேண்டாம் என்றவர்: சாக முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கேஸ் ஆகுமா?

அந்தப் பயத்தில் 'தவறிக் குடிச்சிட்டான்' என்று பொய் சொல்லி, சிகிச்சையைக் கெடுக்கிறார்கள். போலீஸுக்குத் தகவல் போகலாம். ஆனால் அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே 2017 சட்டம் கருதுகிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. என்ன குடித்தார், எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 108. நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.