எல்லாவற்றையும் ஒரே கான்டெக்ஸ்ட்டில் வைக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு பச்சைத் தேயிலைக் கொள்முதல் மையத்துக்காக ரியாக்ட்டில் (இணையத் திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) வலைச் செயலி எழுதியிருக்கிறேன். உள்நுழைந்தவர் விவரம், மொழி, இலை விலை, அன்றைய எடைப் பதிவுகள் அனைத்தும் ஒரே கான்டெக்ஸ்ட்டில் (திரையின் பல பகுதிகளும் நேரடியாகப் படிக்கும் பொதுத் தகவல் இடம்) உள்ளன. எடையைத் தட்டும்போது விலை குறைந்த போன்களில் திரை திணறுகிறது. செயலியின் தகவல்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ரெடக்ஸ் நூலகத்துக்கு மாறிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எந்தத் தகவலை யார் படிக்கிறார்கள், அது எவ்வளவு அடிக்கடி மாறுகிறது என்று பிரித்துப் பார்க்காமல் ரெடக்ஸுக்குப் போனாலும் இதே சிக்கல் உங்களைத் தொடரக்கூடும்.

2018-இல் ரியாக்ட் 16.3-உடன் இன்றைய வடிவில் வந்த கான்டெக்ஸ்ட், ப்ராப்ஸை, அதாவது ஒரு காம்பொனென்ட் (திரையின் ஒரு பகுதி) தன் உட்பகுதிக்குக் கொடுக்கும் தகவல்களை, அடுக்கடுக்காகக் கீழே கடத்தும் தொல்லையைத் தீர்க்கிறது. ஆனால் அதிலுள்ள மதிப்பு மாறினால், அந்த கான்டெக்ஸ்ட்டைப் படிக்கும் காம்பொனென்ட்டுகள் அனைத்தும், மாறிய பகுதியைப் பயன்படுத்தாதவையும்கூட, மறுபடி ரெண்டர் ஆகின்றன (திரைக்காகப் புதிதாகக் கணக்கிடப்படுகின்றன). ப்ராப்ஸ் மாறாதபோது ரெண்டரைத் தவிர்க்கும் மெமோவால் சுற்றி வைத்தாலும் இதைத் தடுக்க முடியாது. எடைப் பெட்டியில் 18.5 என்று தட்ட நான்கு எழுத்துகள் தேவை. அந்த நான்கு முறையும் மேல்பட்டை, விலைப்பட்டை, விவசாயிகளின் முழுப் பட்டியல் ஆகியவை புதிதாகக் கணக்கிடப்படுகின்றன. ரியாக்ட் டெவ்டூல்ஸ் என்ற உலாவி நீட்சியில், ரெண்டர் ஆகும் பகுதிகளைக் கோடிட்டுக் காட்டும் வசதியை இயக்கினால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

தட்டிக்கொண்டிருக்கும் எண்ணைப் பதிவு செய்யும் வரை வேறு யாரும் பார்க்கப்போவதில்லை. ஆகவே அதை அந்தப் படிவத்துக்குள்ளேயே யூஸ்ஸ்டேட்டில் (ஒரு காம்பொனென்ட்டுக்கு மட்டும் உரிய நினைவு) வையுங்கள். திணறலின் பெரும்பகுதி இதிலேயே நீங்கிவிடும். உள்நுழைந்தவரும் மொழியும் அரிதாகவே மாறுபவை என்பதால் கான்டெக்ஸ்ட்டுக்கு உரியவை, ஆனால் இரண்டையும் தனித்தனி கான்டெக்ஸ்ட்டுகளாக்கி, கான்டெக்ஸ்ட்டின் மதிப்பை வழங்கும் ப்ரொவைடருக்குக் கொடுக்கும் ஆப்ஜெக்ட்டை, ஒவ்வொரு ரெண்டரிலும் புதிதாக உருவாகாதபடி யூஸ்மெமோவால் நிலைப்படுத்துங்கள். விலை உங்கள் செயலிக்குச் சொந்தமானதன்று, சர்வரில் உள்ளதன் நகல். சர்வர் தகவலை எடுத்துப் புதுப்பிக்கும் டான்ஸ்டாக் க்வெரி நூலகத்திடம் ஒப்படைத்தால், சிக்னல் போய்த் திரும்பும்போது அது தானே புதுப்பித்துக்கொள்ளும். மலைப்பகுதியில் இது சிறிய வசதி அல்ல.

பதிவான எடைகளைத்தான் பல காம்பொனென்ட்டுகள் உண்மையில் பகிர்கின்றன. இவற்றுக்கு ஜுஸ்டாண்ட் போன்ற சிறிய ஸ்டோர் (காம்பொனென்ட்டுகளுக்கு வெளியே உள்ள பொதுத் தகவல் கிடங்கு) போதும். மொத்த எடையை மட்டும் செலக்டரால் (வேண்டிய பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கும் ஃபங்ஷன்) எடுக்கும் மேல்பட்டை, மொத்தம் மாறும்போது மட்டுமே ரெண்டர் ஆகும். அந்த மொத்தத்தைத் தனி ஸ்டேட்டாக ஒருபோதும் சேமிக்காதீர்கள். பதிவுகளிலிருந்தே அவ்வப்போது கூட்டிக்கொள்ளுங்கள். இல்லையெனில் ஒரு பதிவைத் திருத்தியதும் பட்டியலும் மொத்தமும் முரண்படும், விவசாயியிடம் பதில் சொல்ல வேண்டியவர் எடை போடுபவராகிவிடுவார்.

செயலி பெருத்து, பலர் சேர்ந்து எழுதி, எந்த மாற்றம் எங்கிருந்து வந்தது என்று தடம் பிடிக்க வேண்டிய நிலை வந்தால் ரெடக்ஸின் அதிகாரப்பூர்வத் தொகுப்பான ரெடக்ஸ் டூல்கிட்டைப் பரிசீலிக்கலாம்.

எந்த ஸ்டோரைத் தேர்ந்தாலும் அது இயல்பாகப் பக்கத்தின் நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது. பக்கம் ரீலோட் ஆனால் அழிந்துவிடும். சர்வருக்கு இன்னும் சென்று சேராத எடைகளைப் பதிவு செய்த உடனேயே உலாவிக்குள்ளேயே உள்ள தரவுத்தளமான இண்டெக்ஸ்டு டிபியிலும் எழுதி, சர்வர் ஏற்றுக்கொண்டதை உறுதி செய்த பிறகே அங்கிருந்து நீக்குங்கள்.