வாசகர் கேள்வி – பதில்: மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகள்

கேள்வி: பாம்பன் பாலத்தைக் கடக்கும்போது ஒருபுறம் கடல் குளம்போல் கிடக்கிறது, மறுபுறம் அலை எழும்புகிறது. சில மாதங்கள் கழித்துப் போனால் நிலைமை தலைகீழாக இருக்கிறது. ஏன் இப்படி? பவளப் பாறைகள் தெற்கே மட்டும் மிகுதியாக இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (பரமக்குடி வாசகர்)

பதில்: இராமேஸ்வரம் தீவும், அதன் கிழக்கு முனையிலிருந்து தலைமன்னார் வரை நீளும் மணல்திட்டுகளும் குறுக்கே கிடப்பதால், பாலத்தின் இருபுறமும் நீங்கள் பார்ப்பவை ஏறக்குறைய இரண்டு தனிக்கடல்கள். வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்களுக்கு இவை வடகடல், தென்கடல். வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் இது மாறிவிடும்.

பவளத்தைப் பொறுத்தவரை காற்றைவிட நீரின் தெளிவே முக்கியம். வடகடல் ஆழம் குறைந்தது. வைகையும் காவிரிப் படுகையின் கிளைகளும் கொண்டுவரும் வண்டல் அங்கே எளிதில் கலங்கி மேலெழுகிறது. மண்டபம், இராமேஸ்வரம் கரையோரம் அங்கும் பவளம் உண்டு என்றாலும், தென்கடலில் தூத்துக்குடி வரை ஏறத்தாழ 140 கி.மீ. நீளத்துக்குச் சங்கிலியாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றித்தான் அது செழித்திருக்கிறது. சுண்ணாம்புக் கூடு கட்டும் கல்பவளங்களில் சுமார் 117 வகைகள் இங்கே பதிவாகியுள்ளன. இத்தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், அவற்றைச் சூழ்ந்த 10,500 சதுர கி.மீ. பரப்பு 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன.

கேள்வி: பவளம் வெளுத்துவிட்டது என்று செய்திகளில் படிக்கிறோம். வெளுத்தால் செத்துவிட்டது என்று பொருளா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: இல்லை, ஆனால் சாவுக்கு மிக அருகில் வந்துவிட்டது என்று கொள்ளலாம். பவளம் என்பது சில மில்லிமீட்டர் அகலமே உள்ள மெல்லுடல் விலங்கு. கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தன் அடியில் கிண்ணம் கட்டிக்கொண்டு, இரவில் உணர்விழைகளை நீட்டி நுண்ணுயிர்களைப் பிடிக்கிறது. உணவின் பெரும்பகுதியை அதற்கு அளிப்பவை அதன் திசுவுக்குள்ளேயே குடியிருக்கும் ஒற்றைச்செல் பாசிகள். நிறத்திலும் பெரும்பங்கு அவற்றுடையதே. கடல்நீரின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி வாரக்கணக்கில் நீடித்தால், பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. கண்ணாடித் திசுவின் வழியே அடியிலுள்ள வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது.

மன்னார் வளைகுடாவில் பவளம் பெரும்பாலும் ஐந்து மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் இருப்பதால், ஏப்ரல், மே மாதங்களில் காற்று நின்றால் நீர் விரைவாகச் சூடேறி ஓரளவு வெளுப்பு ஏற்படுவது வழக்கமாகிவிட்டது. தென்மேற்குக் காற்று தொடங்கி நீர் குளிர்ந்ததும் பாசிகள் மீண்டும் பெருகி நிறம் திரும்பும். 2010-இலும் 2016-இலும் வெப்பம் தணியாமல் நீடித்ததால் கணிசமான பவளங்கள் மடிந்தன. கிளைவிட்டு வளரும் வகைகளுக்கே இழப்பு அதிகம், உருண்டு திரண்ட வகைகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. இரண்டு கடும் வெளுப்புகளுக்கு இடையே போதிய ஆண்டுகள் கிடைக்கவேண்டும் என்பதே இப்போதைய கவலை.

கேள்வி: தூத்துக்குடிக்கு எதிரே இருந்த தீவு மூழ்கிவிட்டது என்கிறார்கள். கடல்மட்டம் உயர்வதுதானே காரணம்? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: கடல்மட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் நம் கை சுத்தமாகிவிடும் என்பதால் இந்த விளக்கம் பலருக்கும் பிடிக்கிறது. கடல்மட்ட உயர்வுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் முதற்காரணம் வேறு.

இத்தீவுகள் நிலத்திலிருந்து பிரிந்த துண்டுகள் அல்ல. பெரும்பாலும் பவளத் திட்டின், அதாவது பவளப் பாறையின், சிதைவுகளும் மணலும் சேர்ந்து உயர்ந்தவை. அந்த மணல் உருவாகும் விதத்தைக் கிளிமீனிடம் பார்க்கலாம்: அலகு போன்ற பற்களால் பாறையின்மேல் படிந்த பாசியைச் சுண்ணாம்போடு சுரண்டித் தின்று, தொண்டையில் அரைத்து, வெண்மணலாகக் கழித்துவிடுகிறது. சுற்றியுள்ள திட்டு அலையின் வேகத்தை முன்னதாகவே உடைப்பதால்தான் அந்த மணல் தீவில் நிற்கிறது. திட்டு போனால் மணல் வரத்தும் குறையும், காவலும் போகும்.

அந்தத் திட்டைத்தான் பல பத்தாண்டுகள் கடப்பாரையால் பெயர்த்துப் படகில் ஏற்றி, சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் ஆலைகளுக்கும் கட்டுமானத்துக்கும் அனுப்பினோம். 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பிறகே இந்தத் தொழில் படிப்படியாக நின்றது. திரண்ட வகைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் என்பதால், ஒரு படகுச் சுமையை ஈடுகட்ட எத்தனை காலம் ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே 1986-இல் சுமார் 16 ஹெக்டேர் இருந்த வான் தீவு, 2014 வாக்கில் ஏறத்தாழ 2 ஹெக்டேராகச் சுருங்கியது. அதன்பின் அத்தீவுக்கு முன்னே துளைகள் விட்ட கான்கிரீட் அமைப்புகளைக் கடலடியில் இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்து தீவின் ஒரு பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது. நல்ல முயற்சியே, ஆயினும் கடல் இலவசமாகச் செய்துவந்த வேலைக்குப் பெருஞ்செலவில் அமர்த்திய மாற்றாள் அது.

கேள்வி: ஆவுளியா (கடற்பசு) புல் தின்னும் விலங்கு. அதற்கும் பவளத்துக்கும் என்ன உறவு? (பட்டுக்கோட்டை வாசகி)

பதில்: திட்டு அலையை அடக்கித் தருவதால் அதன் பின்புறத்து அமைதியான நீரில் கடற்புல் படர்கிறது, கடற்புல் தன் வேரால் வண்டலைப் பிடித்துவைப்பதால் பவளத்துக்குத் தெளிந்த நீர் கிடைக்கிறது. ஆவுளியா, பேராமை, கடல் குதிரை எல்லாம் அந்தப் புல்வெளியை நம்பி வாழ்பவை. உங்கள் ஊருக்கு எதிரேயுள்ள வடகடலிலும் புல்வெளிகள் பரந்துள்ளதால்தான், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கி.மீ. பரப்பை 2022-இல் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. விசைப்படகின் இழுவலை அடியோடு வாரிச் செல்லும் இடங்களில் புல்லும் போகிறது, மீன்குஞ்சும் போகிறது.

கேள்வி: இராமேஸ்வரம் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டை நினைவுக்காக எடுத்துவரலாமா? (சேலம் வாசகர்)

பதில்: கூடாது. உயிரற்ற துண்டானாலும் கல்பவளத்தை வைத்திருப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். கடைக்காரர் விற்கிறார் என்பதற்காக வாங்குவதும் அதே கணக்கில்தான் சேரும்.